அரைக் கிணறும் முழுப் பட்டமும்

நம் மக்களிடையே ஒரு பழமொழி நெடுங்காலமாக ஆட்சி செலுத்தி வருகிறது. அரைக் கிணறு தாண்டியவன் கதை என்று அதனைச் சுருக்கிக் கூறுவர். தொடங்கியதை முடிக்காதவன் கிணற்றுக்குள் விழுவான் என்பது அதன் கருத்து. வீடு கட்டுபவனுக்கும் வழக்காடுபவனுக்கும் இது பொருந்துமா என்பதை நான் ஆராயப் புகவில்லை. ஆனால், பல்கலைக்கழகத்தில் மேற்பட்டப் படிப்பில் சேர்ந்து, அப்படிப்பு தான் எண்ணியவாறு இல்லையெனக் கண்டு மனம் சோர்ந்து நிற்கும் ஓர் இளைஞனையோ இளம்பெண்ணையோ நோக்கி இப்பழமொழியை வீசுகின்ற பெற்றோரையும் உற்றாரையும், அவர்களினும் மேலாக நம் ஆசிரியர்களையும் வன்மையாக மறுக்க விரும்புகிறேன். கிணற்றைத் தாண்டுபவன் அந்தரத்தில் நின்று எண்ணிப் பார்க்க இயலாது. கல்வி கற்பவனுக்கு அது இயலும். நின்று எண்ணிப் பார்க்கும் ஆற்றலை வளர்ப்பதற்கன்றோ கல்வி! அங்ஙனமிருக்க, "எண்ணாதே, தாண்டு" என்பது ஆசிரியர் வாயிலிருந்து வரத்தக்க சொல்லா?

பொதுப்படப் பேசிச் செல்வதினும் ஒரு துறையை எடுத்துக்கொண்டு பேசுவது நலம். உளவியலை எடுத்துக்கொள்கிறேன். என்னிடம் ஐந்தாம் படிவத்தில் தமிழ் படித்த மாணவி ஒருத்தி அத்துறையில் ஆய்வுவழி முதுகலைப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறாள். குடியால் சிதைந்த குடும்பங்களின் நடுவே வளர்ந்தவள். இரவில் சுவருக்கு அப்பாலிருந்து வரும் அழுகையைக் கேட்டுக் கேட்டு, அழுகின்றவர்களின் அருகில் அமர்ந்து அவர்கள் துன்பத்தைக் கேட்கும் தொழிலே தன் தொழில் என்று பதினேழு வயதிலேயே முடிவு செய்தவள். முதற்பட்டம் பெற்றாள். மேற்படிப்பில் சேர்ந்தாள். சேர்ந்தபின் கண்டது என்ன? மேற்பார்வையாளர் முன்பே வகுத்துவைத்திருந்த ஒரு தலைப்பு. முதலாண்டு மாணவர் நானூறு பேரிடம் வினாத்தாள் கொடுத்து நிரப்பி வாங்கும் வேலை. பருவம் முழுவதிலும் மும்முறையே கிட்டிய பேராசிரியரின் தரிசனம். வினாத்தாள் எண்களைக் கணினிக்குள் ஏற்றும் இரவுகள். மனிதரைப் பற்றிக் கற்க வந்து இரண்டு ஆண்டுகளில் துன்புறும் மனிதர் ஒருவரையும் சந்திக்கவில்லை என்று எனக்கு எழுதியிருந்தாள். விலகலாமா, தொடரலாமா என்பது அவள் வினா.

அவளுக்குக் கிடைத்த விடைகளைக் கேளுங்கள். இரண்டு ஆண்டையும் இத்தனை ஆயிரம் வெள்ளியையும் வீணாக்குவதா என்றார் தந்தை. நம் பரம்பரையில் முதல் முதுகலைப் பட்டதாரி என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேனே என்றார் தாய்மாமன். தொடங்கியதை முடிப்பவனே தமிழன் என்றார் ஓர் ஆசிரியர். மூவருள் ஒருவரேனும், இனிமேல் அங்கே இருந்தால் உனக்கு என்ன கிடைக்கும் என்று கேட்கவில்லை. மூவரும் பின்னோக்கியே பார்த்தனர்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தந்தையின் வாதத்தை ஆராய்ந்து, அதில் உள்ள பிழையை உலகுக்கு எடுத்துக்காட்டியதே அவள் பயிலும் உளவியல்தான். 1985ஆம் ஆண்டில் ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்னும் இருவர் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். அமெரிக்காவின் ஒகையோ பல்கலைக்கழக நாடக அரங்கில், ஆண்டு முழுவதற்குமான நுழைவுச்சீட்டு வாங்க வந்த முதல் அறுபது பேரை மூன்று கூறாக்கினர். ஒரு சாராருக்கு முழு விலையாகிய 15 டாலருக்கும், ஒரு சாராருக்கு 2 டாலர் கழிவிலும், ஒரு சாராருக்கு 7 டாலர் கழிவிலும் சீட்டு விற்கப்பட்டது. யாருக்கு எந்த விலை என்பது குருட்டாம் போக்கில் அமைந்தது. நாடகங்கள் எல்லாருக்கும் ஒன்றே, இருக்கைகளும் ஒன்றே. ஆயினும் ஆண்டின் முற்பாதியில் முழு விலை கொடுத்தோர் மற்றவரினும் மிகுதியான நாடகங்களுக்கு வந்தனர். நாடகம் நன்றாயிருந்தமையால் வந்தனர் என்று கூற வழியில்லை. கொடுத்த பணம் அவர்களை இழுத்து வந்தது. போன பணம் போனதே. அமர்ந்து பார்த்தாலும் எழுந்து போனாலும் அது திரும்புவதில்லை. இனி வரும் மாலைப்பொழுதுதான் நம் கையில் உள்ளது. இவ்வளவு எளிய உண்மையை நாம் சந்தைக் கடையில் உணர்கிறோம்; அழுகிய மாம்பழத்தை விலை கொடுத்தோமே என்று எவரும் தின்பதில்லை. கல்வி என்று வந்ததும் உணர்வு மங்கிவிடுகிறது.

இதனினும் கூரிய ஆய்வு ஒன்று 1959இல் வெளிவந்தது. எலியட் ஆரன்சனும் ஜட்சன் மில்ஸும் கல்லூரி மாணவியர் 63 பேரைக் கொண்டு நடத்தியது அது. ஒரு கலந்துரையாடல் குழுவில் சேர்வதற்குச் சிலர் நாணத்தக்க சொற்களை உரக்கப் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. சிலருக்கு எளிய தேர்வு. சிலருக்குத் தேர்வே இல்லை. பின்னர் அனைவரும் கேட்டது ஒரே கலந்துரையாடலை. அது வேண்டுமென்றே சாரமற்றதாகவும் சலிப்பூட்டுவதாகவும் அமைக்கப்பட்டிருந்தது. கடுமையான தேர்வுக்கு உட்பட்டு உள்ளே வந்தவர்களே அச்சாரமற்ற பேச்சைப் பெரிதும் சுவையானதென மதிப்பிட்டனர். பட்ட துன்பத்தை நியாயப்படுத்த மனம் கண்ணை மறைத்துக்கொள்கிறது. "நானும் இப்படித்தான் கஷ்டப்பட்டேன், முடித்தபின் எல்லாம் சரியாயிற்று" என்று பட்டம் பெற்ற மூத்தோர் கூறும் அறிவுரையைக் கேட்கும்போதெல்லாம் இந்த 63 பேரை நினைத்துக்கொள்வது நன்று. அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்பதன்று. துன்பத்திற்கு விலை வைக்கத் தெரியாமல் அதனையே சிறப்பாகக் கருதிவிட்டார்கள்.

இவ்வாய்வுக்கு அடிப்படையான கருத்தை 1957இல் நூலாக வகுத்தளித்தவர் லியோன் ஃபெஸ்டிங்கர். மனத்தில் முரண்படும் எண்ணங்களைப் பற்றிய அவருடைய கோட்பாடு சமூக உளவியலையே ஒரு தலைமுறைக் காலம் இயக்கியது. அவர் என்ன செய்தார் தெரியுமா? அத்துறையின் உச்சியில் நின்றுகொண்டிருந்த காலத்திலேயே அதனை விட்டு நீங்கிக் கண்பார்வை பற்றிய ஆய்வுக்குச் சென்றார். 1979இல் தம் ஆய்வுக்கூடத்தையும் மூடிவிட்டுப் பழங்கால மனிதரின் வாழ்வை ஆராயப் புறப்பட்டார். அவரை அரைக் கிணறு தாண்டியவர் என்று எவரும் ஏசவில்லை. பெரியவர் விலகினால் தேடல். சிறியவள் விலகினால் தோல்வி. நம் அளவுகோல் இவ்வளவுதான்!

பட்டம் வேறு, கல்வி வேறு என்பதற்கும் இத்துறையின் வரலாற்றிலேயே சான்று உண்டு. மேரி விட்டன் கால்கின்ஸ் என்னும் அம்மையார் 1890 முதல் ஹார்வர்டில் விருந்தினராக அமர்ந்து கற்றார். முனைவர்ப் பட்டத்துக்குரிய ஆய்வனைத்தையும் முடித்தார். 1895இல் அவரைத் தேர்ந்த அறிஞர் குழுவில் வில்லியம் ஜேம்ஸும் இருந்தார். அவர்கள் முழு மனத்தோடு பரிந்துரைத்தும், பெண் என்னும் ஒரே காரணத்தால் ஹார்வர்டு பட்டமளிக்க மறுத்தது. 1902இல் பெண்களுக்கென இருந்த ராட்கிளிஃப் கல்லூரியின் பட்டத்தை அளிக்க முன்வந்தபோது அம்மையார் அதனை ஏற்கவில்லை. தாம் கற்றது எங்கோ, அங்கே கிடைக்காத பட்டம் தமக்கு வேண்டா என்பது அவர் நிலை. பட்டமின்றியே 1905இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவரானார்; அப்பொறுப்பை ஏற்ற முதற்பெண் அவரே. வில்லியம் ஜேம்ஸோ மருத்துவப் பட்டம் மட்டுமே படித்துப் பெற்றவர். 1903இல், முனைவர்ப் பட்டத்தை எட்டுக் கைகளால் இறுகப் பற்றும் ஆக்டோபஸுக்கு ஒப்பிட்டு அவர் எழுதிய கட்டுரை இன்றும் படிக்கத்தக்கது.

"அது அந்தக் காலம், இன்று பட்டமின்றி எவன் மதிப்பான்?" என்று கேட்பீர்கள். உண்மை. இன்று சில கதவுகளுக்குச் சட்டமே பூட்டுப் போட்டிருக்கிறது. அதனை மறைத்துப் பேசுவது இளைஞருக்குச் செய்யும் தீங்கு. ஆனால், அந்த உண்மையைக் கொஞ்சம் முழுமையாகப் பாருங்கள். மலேசியாவில் 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி, பதிவு பெறாதவர் தம்மை ஆலோசகர் என்று கூறிக்கொள்ள இயலாது. அப்பதிவுக்கு ஆலோசனைத் துறைக்குரிய தகுதி வேண்டும். மருத்துவ உளவியலாளரோ 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின்கீழ் வருகின்றனர். அதற்குரிய முதுகலைப் படிப்பு வேறு. நோயாளிகளோடு கழிக்க வேண்டிய பயிற்சி வேறு. வினாத்தாள் எண்களைக் கொண்டு எழுதிய ஆய்வேடு எவ்வளவு சிறந்ததாயினும் இவ்விரு கதவுகளையும் திறக்காது. ஆகவே, அழுகின்றவர் அருகில் அமரும் தொழிலை நாடிய என் மாணவி, எத்துணைப் பொறுமையோடு இப்படிப்பை முடித்தாலும் அவள் நாடிய வாயிலின் முன் வந்து நிற்கப்போவதில்லை. கோலாலம்பூருக்குப் போக வேண்டியவர் ஜொகூர் பாருவுக்குப் போகும் பேருந்தில் ஏறிவிட்டார். பாதி வழி வந்துவிட்டோம், இறங்காதே என்கிறோம். இதற்குப் பெயர் விடாமுயற்சியா?

முதற்பட்டத்துக்குப் பின் எந்த வகை முதுகலை எந்தத் தொழிலுக்கு இட்டுச் செல்லும் என்று அவளிடம் ஒருவரும் கூறவில்லை என்பதே இதில் எனக்குப் பெருங்குறையாகப் படுகிறது. விண்ணப்பத் தாளில் "உளவியல்" என்னும் சொல் இருந்தது. அது போதும் என்று எண்ணினாள். விளம்பரக் கையேடுகளில் சிரிக்கும் முகங்கள் இருந்தன. பதிவுச் சட்டங்கள் இல்லை.

ஏமாற்றத்திலும் பல வகை உண்டு. தொழிலைத் தேடி வந்து ஆய்வில் மாட்டிக்கொண்டவளின் ஏமாற்றம் ஒன்று. ஆய்வையே நேசித்து வந்து, அந்த ஆய்வின் உண்மையிலேயே ஐயம் கொண்டவனின் ஏமாற்றம் முற்றிலும் வேறு. பின்னவனுக்கும் இன்று காரணங்கள் நிறைய உள. உளவியலின் பெயர்பெற்ற மூன்று இதழ்களில் வெளிவந்த நூறு ஆய்வுகளைப் பல நாட்டு அறிஞர்கள் ஒன்றுகூடி மீண்டும் நடத்திப் பார்த்து, முடிவினை 2015இல் வெளியிட்டனர். முதலில் நூற்றுக்கு 97 ஆய்வுகள் உறுதியான விளைவைக் கண்டதாகக் கூறியிருந்தன. மீண்டும் செய்தபோது 36 விழுக்காட்டில் மட்டுமே அவ்விளைவு கிட்டியது. நான் மேலே எடுத்துக்காட்டிய பழைய ஆய்வுகளையும் இந்த எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். 2008இல் ஜெஃப்ரி ஆர்னெட் என்பார் அமெரிக்க உளவியல் இதழ்கள் ஆறினை ஆராய்ந்து, அவற்றில் ஆய்வுக்குட்பட்டோருள் 68 விழுக்காட்டினர் அமெரிக்கர் என்றும், 96 விழுக்காட்டினர் மேலைத் தொழில்வள நாட்டினர் என்றும் எண்ணிக் காட்டினார். அந்நாடுகளில் வாழ்வோர் உலக மக்களுள் 12 விழுக்காட்டினரே. அப்படியாயின், "மனித மனம்" என்று பாடநூலில் அச்சாகியிருப்பது யாருடைய மனம்? தோட்டப்புற லயத்தில் ஆறு பேர் ஓரறையில் வளர்ந்தவனின் மனம் அதில் எங்கே?

இதைக் கண்டு ஒருவன் துறையை வெறுப்பதை நான் புரிந்துகொள்கிறேன். ஆயினும், அவனிடம் நான் விலகு என்று கூறமாட்டேன். அவன் தங்குவதற்கு அதுவே தக்க காரணமாகலாம். நெதர்லாந்தில் டீடெரிக் ஸ்டாப்பல் என்னும் புகழ்பெற்ற சமூக உளவியல் பேராசிரியர் ஆண்டுக்கணக்கில் ஆய்வுத் தரவுகளைத் தாமே புனைந்து வெளியிட்டு வந்தார். தம்மிடம் முனைவர்ப் பட்ட ஆய்வு செய்த மாணவர் பலருக்கும் புனைந்த தரவுகளையே அளித்தார். 2011இல் அதனை வெளிக்கொணர்ந்தவர் யார்? மூத்த பேராசிரியர்களா? அல்லர். அவருடைய துறையிலேயே இருந்த இளம் ஆய்வாளர் மூவர். தங்கள் பட்டமும் எதிர்காலமும் என்னாகுமோ என்ற அச்சத்தைக் கடந்து அவர்கள் உள்ளேயிருந்து பேசினர். அவர்கள் விலகிப் போயிருந்தால் பொய் தொடர்ந்திருக்கும். துறையின் மீது சினம் கொண்டவன் துறைக்கு வேண்டியவன். துறையின் மீது அக்கறையே இழந்தவன்தான் விலக வேண்டியவன்.

மேற்பார்வையாளரால் வந்த ஏமாற்றம் மூன்றாவது வகை. இதனைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவர் சரியில்லையெனில் மருத்துவத்தையே துறப்பார் இல்லை. வேறு மருத்துவரிடம் செல்கின்றனர். மேற்பார்வையாளரை மாற்றக் கோருவதற்கு வழிமுறை உண்டு. அதனைக் கேட்பது குருத்துரோகம் என்று நம் பிள்ளைகள் நடுங்குகிறார்கள். அந்த நடுக்கத்தை ஊட்டியவர்கள் நாம்தாம்.

இனி, இனத்தின் மானம் பற்றிய வாதம். பால்மரக் காட்டில் வெட்டுக்கத்தி பிடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் பல்கலைக்கழக வாயிலில் நிற்பது நமக்குப் பெருமையே. ஆனால், ஒரு சமுதாயத்தின் மானம் முழுவதையும் இருபத்தைந்து வயதுப் பெண்ணொருத்தியின் ஆய்வேட்டில் கட்டித் தொங்கவிடுவது பெருமையன்று, கொடுமை. வட அமெரிக்காவில் முனைவர்ப் பட்டப் படிப்பில் சேர்ந்தோருள் பத்தாண்டுகளில் முடித்தோர் 57 விழுக்காட்டினரே என்று அங்குள்ள மேற்பட்டப் பள்ளிகளின் மன்றம் 2008இல் அறிவித்தது. அங்கே விலகியோர் எல்லாரும் தம் குலத்தைத் தலைகுனிய வைத்தனரா? அவர்கள் வேறு வேலைக்குச் சென்றனர், வாழ்கின்றனர். மறுபுறம், தங்கியிருப்போரின் நிலையையும் பாருங்கள். 2018இல் வெளியான ஓர் ஆய்வில், 26 நாடுகளைச் சேர்ந்த மேற்பட்ட மாணவர் 2,279 பேரை வினவியபோது 39 விழுக்காட்டினரிடம் மிதமானது முதல் கடுமையானது வரையிலான மனச்சோர்வின் குறிகள் தென்பட்டன. பொதுமக்களிடம் அது 6 விழுக்காடு. துன்புற்றோரே விரும்பி முன்வந்து விடையளித்திருக்கலாமாதலின் இவ்வெண்ணிக்கையை அப்படியே கொள்ள வேண்டா. பாதியைத் தள்ளுபடி செய்தாலும் மிஞ்சுவது சிறிதன்று. இந்நிலையில் உள்ள ஒருவனிடம் "பல்லைக் கடித்துக்கொண்டு முடி" என்பவர், காய்ச்சல் கண்டவனை ஓட்டப்பந்தயத்துக்கு அனுப்புகிறார்.

தமிழாசிரியர்கள் நாம் மேடைதோறும் ஊக்கமுடைமையையும் ஆள்வினையுடைமையையும் முழங்குகிறோம். அவை பொருட்பாலில் 60ஆம், 62ஆம் அதிகாரங்கள். அதே அரசியல் என்னும் இயலில், அவற்றிற்கு முன்னதாக, 47ஆம் அதிகாரமாகத் தெரிந்துசெயல்வகை நிற்கிறதே, அதனை ஏன் விழுங்கிவிடுகிறோம்? அழிவதையும் ஆவதையும் ஆகிப் பின் வரும் ஊதியத்தையும் எண்ணிப் பார்த்தபின் செய் என்றல்லவா அதன் முதற்குறளே தொடங்குகிறது! அடுத்து வலியறிதல், அடுத்துக் காலமறிதல், அடுத்து இடனறிதல். நான்கு அதிகாரங்கள், நாற்பது குறள்கள், எண்ணிப் பார் என்கின்றன. முயற்சி அதன் பின்னர் வருகிறது. நாமோ முன்னதை மறைத்துப் பின்னதை மட்டும் பிள்ளைகளுக்குப் புகட்டிவிட்டு, வள்ளுவர் சொன்னார் என்கிறோம்.

விலகுவதை ஒரு நாகரிகமாக்குவோரையும் நான் விட்டுவிடப் போவதில்லை. மனம் சொல்வதைக் கேள், மகிழ்ச்சி இல்லாத இடத்தில் ஒரு நொடியும் நில்லாதே என்று பேசுவோர் பெருகிவிட்டனர். புள்ளியியல் சலிப்பாயிருக்கிறது என்பதற்காக உளவியலை விடுபவன், புணர்ச்சி விதி சலிப்பாயிருக்கிறது என்பதற்காகத் தமிழை விடுபவனுக்கு ஒப்பானவன். எந்தக் கல்வியிலும் வறண்ட நிலம் ஒன்று உண்டு. அதனைக் கடந்தே ஆக வேண்டும். வறண்ட நிலத்துக்கு அப்பால் தான் தேடிய ஊர் இருக்கிறதா என்பதே வினா. இருந்தால் நடக்க வேண்டும், கால் கொப்பளித்தாலும் நடக்க வேண்டும். இல்லையெனில் நடப்பது வெறும் நடையே.

என் மாணவிக்கு நான் விலகு என்றும் எழுதவில்லை, தொடர் என்றும் எழுதவில்லை. அது அவள் வாழ்வு. ஒன்று கேட்டிருந்தேன்: இன்று நீ அறிந்திருப்பவை அனைத்தையும் அறிந்த நிலையில், நாளைக் காலை இதே படிப்பில் புதிதாகச் சேர உனக்கு அழைப்பு வந்தால் சேர்வாயா? விலகினால் கல்விக் கடனை எவ்வாறு திருப்பிச் செலுத்துவது, ஆலோசனைத் துறை முதுகலைக்கு எந்தெந்தத் தகுதி கேட்கிறார்கள், ஒரு பருவத்துக்கு ஒத்திவைப்புக் கோரினால் இடம் நிலைக்குமா என்பவற்றைப் பேராசிரியரிடமன்றிப் பதிவாளர் அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டறியுமாறும் கூறியிருந்தேன். அவள் ஒத்திவைப்புக் கோரியிருக்கிறாள்.

ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் நம் பள்ளிகளிலும் இயக்கங்களிலும் உயர்கல்வி வழிகாட்டி நிகழ்ச்சிகள் நடத்துகிறோம். பட்டங்கியும் தொப்பியும் அணிந்தோர் மேடையேறுகின்றனர், பொன்னாடை போர்த்துகிறோம். அடுத்த முறை, பதிவு பெற்ற ஆலோசகர் ஒருவரை அழைத்து, அந்தப் பதிவுக்கு எந்தப் படிப்பைப் படித்தார், எத்தனை ஆண்டுகள் ஆயின, எவ்வளவு செலவாயிற்று என்று மாணவர் முன்னிலையில் கேளுங்கள். முதுகலையை இடையில் விட்டு வேறு வழி சென்று நல்ல நிலையில் இருப்பவர் ஒருவரையும் அழையுங்கள். ஏன் சேர்ந்தார், எப்போது ஐயம் வந்தது, எதைக் கணக்கிட்டு விலகினார் என்று அவர் அரைமணி நேரம் பேசட்டும். பொன்னாடை வாங்கும்போது அவருக்கும் சேர்த்து ஒன்று வாங்கிவிடுங்கள்.